சிரியம்னு ஒரு ஊர், பர்மாவுல எங்க இருக்கு?

வியாசை_பொண்ணு:
எங்க ஆயா போன மாசம் தவறிட்டாங்க. 64க்கு அப்புறம் பர்மாவுலேர்ந்து கப்பல்ல வந்து கடைசி வரைக்கும் வியாசர்பாடியிலயே இருந்தவங்க. அவங்க ட்ரங்கு பெட்டியில ஒரு பழைய பேப்பர் கெடச்சுது, மடிப்பெல்லாம் கிழிஞ்சு போய் இருக்கு, பிறந்த ஊர் ‘சிரியம், ஹந்தவாடி ஜில்லா’ன்னு போட்டிருக்கு. மேப்புல தேடுனா கண்டுபிடிக்க முடியல. எவ்ளோ பெரிய ஊர், இன்னும் நம்ம ஆளுங்க அங்க இருக்காங்களா? அவங்க இருக்கும்போதே ஒக்காந்து கேட்டிருக்கணும், கேக்காம விட்டுட்டேன்.

மேப்_கிறுக்கன்:
தன்லின்னு தேடுங்க சிஸ்டர். 1989ல ரங்கூன் யாங்கோன் ஆனப்போ சிரியம் தன்லின் ஆயிடுச்சு. பாகோ ஆறு யாங்கோன் ஆத்தோட வந்து சேர்ற எடத்துல, சிட்டிக்கு எதிர்க்கரையில இருக்கு. 1993ல பாலம் வர்ற வரைக்கும் படகுல தான் போகணும், இப்ப அதே பாலத்துல ரயிலும் போகுது. 2014 சென்சஸ்ல அந்த டவுன்ஷிப் மொத்தம் 2,68,063 பேர், பக்கத்துல சௌக்தான்ல 1,32,765. நம்ம ஏரியாக்காரங்களுக்கு சொல்லணும்னா அச்சு அசல் மணலி, எண்ணூர் மாதிரி: ஆத்து முகம், துறைமுகம், எண்ணெய் ரிஃபைனரி. பழைய ரிஃபைனரிய 42ல ஜப்பான்காரன் வர்றான்னு வெள்ளக்காரனே அழிச்சிட்டுப் போனான். இப்ப திலாவா துறைமுகமும் தொழிற்பேட்டையும் அங்க தான்.

நம்ம ஆளுங்க எத்தன பேருன்னு நம்பர் சொல்ல முடியாதும்மா, அந்த சென்சஸ்ல இனம் கேட்டு எழுதுனாங்க, ஆனா அந்த கணக்க ரிசல்ட்டோட சேத்து வெளியிடல.

எருக்கஞ்சேரி_பெரியவர்:
அம்மாடி, ஆயாவுக்கு என் அஞ்சலி. எங்கப்பாவும் அந்தப் பக்கம் நெல்லு வயல்ல வேல பாத்தவரு. அந்த ஆத்துப் படுகை பூரா நெல்லு தான், செட்டியாருங்க வட்டிக்கு குடுத்த பணம், 1930ல வெலை விழுந்து பர்மாக்காரன் கடன் கட்ட முடியாம நெலத்த விட்டுட்டான், கீழ் பர்மாவோட முக்கிய நெல் ஜில்லாவுல 6 சதவீதமா இருந்தது 38ல 25 சதவீதம் செட்டியார் கைக்கு வந்துடுச்சு. அந்த கோவத்த எல்லாம் கூலிக்கு நாத்து நட்டவங்களும் சேத்து அனுபவிச்சாங்க, அது எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம்.

ஆளுங்க இருக்காங்கம்மா. தன்லின் பக்கம் பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில் இருக்கு. நான் 2017ல போனேன். தமிழங்க மட்டும் இல்ல, பர்மாக்காரங்களும் தேங்காய், வாழப்பழத் தட்டோட வரிசையில நிக்கிறாங்க. பூசாரி என்கிட்ட தமிழ்ல ‘எந்த ஊரு, எப்ப வந்தீங்க’ன்னு கேட்டாரு, எனக்கு பேச்சே வரல.

வியாசை_பொண்ணு:
ஐயா, ரொம்ப நன்றி. நீங்க சொன்னதும் எழுந்து போய் சாமி ஷெல்ஃபுல ஆயா தெனமும் கற்பூரம் காட்டுற முனீஸ்வரர் படத்த எடுத்துப் பாத்தேன். நாங்க ஏதோ ஊர் சாமின்னு நெனச்சிட்டிருந்தோம். ஃபிரேம் பின்னாடி அட்டையில பென்சில்ல ‘பீலிக்கான்’னு எழுதியிருக்கு, ஆயா கையெழுத்து தான்.