காலி வீடும் காணாமல் போன சமையலறையும்: ஜெர்மனியில் சாமான் சேர்த்த கதைகள்

பெர்லின் நான்காம் மாடி:

வீடு கிடைத்துவிட்டது என்று கோயம்புத்தூருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கட்டுமா என்று கேட்டார். எதில் காய்ச்சுவது என்ற கேள்வி அன்று மாலை சாவியை வாங்கிக் கதவைத் திறந்த பிறகுதான் எனக்கு எழுந்தது. சமையலறை என்று வரைபடத்தில் போட்டிருந்த அறையில் இரண்டு தண்ணீர்க் குழாய் முனைகள், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தடித்த மின்வயர் ஒன்று. அவ்வளவுதான். அடுப்பு இல்லை, மேடை இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லை. விளக்கும் இல்லை. கூரையின் நடுவில் மூன்று வயர்கள் தொங்கின, நுனியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. டிசம்பர் மாதம். பெர்லினில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். முதல் மூன்று நாள் செல்போன் டார்ச்சில் குடித்தனம் நடத்தினேன்.

தவறு என்னுடையதுதான். வீட்டைக் காலி செய்துபோனவர் தன் சமையலறையை, அதாவது அடுப்பு, மேடை, தொட்டி எல்லாவற்றையும் சேர்த்து, 1,800 யூரோவுக்குத் தருவதாகச் சொன்னார். இங்கே அது வழக்கம். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போகும் சாமான்களுக்குப் புதியவர் கொடுக்கும் விலைக்கு ‘ஆப்லோஸெ’ என்று பெயர். எனக்கு அது தெரியாது. வீட்டோடு இருக்கிற சமையலறைக்கு எதற்குத் தனியாகக் காசு, வெளியூர்க்காரன் என்று ஏய்க்கப் பார்க்கிறார் என்று நினைத்து, மிகவும் சாமர்த்தியமாக மறுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு வாரத்தில் திருகாணி ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அப்படிக் கேட்கும் விலை பொருளின் தற்போதைய மதிப்பைவிடப் பாதிக்கு மேல் கூடினால் அந்த மிகைத் தொகை செல்லாது என்று நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. அதாவது, பேரம் பேசியிருக்கலாம். நான் பேரம் பேசவே இல்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. உக்கடத்தில் ஒரு கிலோ கத்தரிக்காய்க்குப் பேசுகிறவன் நான்.

ஆறு வாரம் ஒற்றைத் தட்டு மின்னடுப்பில் சமைத்து, குளியல் தொட்டியில் மண்டியிட்டுப் பாத்திரம் கழுவினேன். பிறகு ‘கிளைன்அன்ட்சைகன்’ என்ற வரி விளம்பரத் தளத்தில் 250 யூரோவுக்கு ஒரு சமையலறை கிடைத்தது. வாங்குகிறவரே கழற்றி எடுத்துச் செல்ல வேண்டும். ஊர் லைசன்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் செல்லும். அந்தத் தைரியத்தில் வேன் வாடகைக்கு எடுத்து, நண்பர்கள் இருவரோடு போய்க் கழற்றிக்கொண்டு வந்து, லிஃப்ட் இல்லாத நான்கு மாடி ஏற்றினோம். சுவரின் நீளத்தை அளந்திருந்தேன், உயரத்தை அளந்திருந்தேன். தொட்டிக்காக மேடைப் பலகையில் வெட்டியிருந்த ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. குழாய் இடது மூலையில், ஓட்டை வலது மூலையில். பலகையைத் திருப்பிப் போட்டால் வழவழப்பான முன்விளிம்பு சுவரைப் பார்க்கிறது, அறுத்த மரத்தூள் விளிம்பு என் வயிற்றைப் பார்க்கிறது. அப்படியே பொருத்தினோம். அந்த விளிம்பில் அலுமினியப் பட்டை ஒட்டி இரண்டு வருடமாகிறது. மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

நான்கு பர்னர் அடுப்பைச் சாதாரண பிளக்கில் செருக முடியாது. அது 400 வோல்ட் மும்முனை இணைப்பு. எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். நாளைக்கு ஏதாவது நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது யார் இணைத்தது என்பதைத்தான்.

கையில் காசு இல்லாத அந்த முதல் மாதத்தில் எனக்குத் தெரியாமல் போன இன்னொன்றும் உண்டு. வாடகை முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதையும் மூன்று சம மாதத் தவணைகளாகக் கட்டும் உரிமை குடித்தனக்காரருக்கு இருக்கிறது; சிவில் சட்டத்தின் 551ஆம் பிரிவு. நான் மொத்தத்தையும் முதல் நாளே எண்ணிக் கொடுத்துவிட்டு, கட்டில் வாங்கப் பணம் இல்லாமல் தரையில் படுத்தேன்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். அடுத்து வருகிறவராவது கட்டிலில் படுக்கட்டும்.

மியூனிக் அம்மா:

அண்ணா, வயிற்றைப் பார்க்கும் விளிம்பைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தைப் பிடித்தது வாஷிங் மெஷின்.

80 யூரோவுக்குப் பழைய மெஷின். ஓட்டிக் காட்டினார்கள், நன்றாகத்தான் ஓடியது. என் கணவரும் அவருடைய அலுவலக நண்பரும் அதைக் காரின் பின்பக்கம் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். மெஷினின் முதுகில் நான்கு நீள போல்ட் மாட்டி, உள்ளே இருக்கும் டிரம் ஆடாமல் இறுக்கிய பிறகுதான் அதை இடம் மாற்ற வேண்டும் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. விற்றவரிடமும் அந்த போல்ட் இல்லை. அதை எப்போதோ தொலைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து முதல் முறை பிழியும் கட்டம் வந்ததும் மெஷின் நடக்க ஆரம்பித்தது. மிகைப்படுத்தவில்லை. குளியலறைச் சுவரோரம் இருந்தது, டம் டம் என்று குதித்துக் கதவு வரை வந்து, கதவை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே மாட்டிக்கொண்டது நான். கீழ்வீட்டுப் பாட்டி துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கும் சத்தம் வேறு. பழைய மெஷின் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் அந்த போல்ட்டைக் கேளுங்கள். பழைய ஃப்ரிட்ஜ் என்றால், படுக்கவைத்துக் கொண்டுவந்ததை நிமிர்த்திவைத்து மறுநாள்தான் சுவிட்ச் போட வேண்டும்.

கட்டில் கதை தனி. கடையில் கட்டில் என்று விலை போட்டிருந்தால் அது வெளிச் சட்டகம் மட்டும். மெத்தையைத் தாங்கும் மரப்பட்டைகள் தனி விலை, மெத்தை தனி விலை. 180 சென்டிமீட்டர் இரட்டைக் கட்டிலுக்கு இவர்கள் பெரும்பாலும் 90 சென்டிமீட்டர் மெத்தை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறார்கள். நடுவில் விழும் இடைவெளிக்கு ‘விருந்தாளிப் பிளவு’ என்று ஒரு செல்லப்பெயரே இருக்கிறது. எங்கள் வீட்டு விருந்தாளி இரண்டு வயது மகள். தினமும் அந்தப் பிளவுக்குள்தான் விழித்தெழுகிறாள். தலையணை 80க்கு 80, சதுரம். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த தலையணை உறைகள் எல்லாம் இப்போது துணி மூட்டை கட்டத்தான் பயன்படுகின்றன.

மெத்தையை மட்டும் பழையது வாங்குவதில்லை என்பது என் கட்சி. மேசை, நாற்காலி, புத்தக அலமாரி எல்லாம் மாநகராட்சிக் கழிவு நிறுவனம் பாஸிங் பகுதியில் நடத்தும் ‘ஹாலெ 2’ என்ற பழைய பொருள் கடையில் எடுத்தேன். மக்கள் கழிவு மையங்களில் கொண்டுவந்து கொடுப்பவற்றில் நல்லதைப் பொறுக்கி அங்கே விற்கிறார்கள். சோஃபாவின் தையல் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள், மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஹாம் பெரியவர்:

தம்பி, பிள்ளை, இரண்டு பேரும் எழுதியதை வாசித்தேன். உங்களுக்குக் கடை இருந்தது, தளம் இருந்தது. நாங்கள் 1985இல் வந்தபோது எங்களுக்கு இருந்தது நாட்காட்டி.

கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்கு ரயிலில் வந்தவர்களில் நானும் ஒருவன். அகதி விண்ணப்பம் போட்ட பிறகு வடக்கு ரைன் பக்கம் ஒரு சிறு நகரத்துக்கு அனுப்பினார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. முகாமை விட்டு ஓர் அறைக்கு மாறியபோது நாலு பேருக்கு ஒரு கதிரைகூட இல்லை. பக்கத்து அறையில் இருந்த துருக்கிக்காரர் ஒருவர்தான் நகரசபையின் நாட்காட்டியைக் காட்டினார். எந்தத் தெருவில் எந்த நாளில் பெரிய கழிவுகளை, அதாவது ‘ஸ்பெர்முல்’லை, வெளியே வைக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. முதல் நாள் பின்னேரமே சனம் தளபாடங்களைத் தெருவோரம் கொண்டுவந்து அடுக்கிவிடும். விடியக் காலையில் லொறி வந்து நசுக்கி ஏற்றிப் போகும். இடையில் கிடைக்கும் அந்த ஓர் இரவுதான் எங்கள் சந்தை.

குப்பையில் பொறுக்குகிறோம் என்று முதலில் வெட்கமாக இருந்தது. இருட்டிய பிறகுதான் போவோம், தமிழில்கூடச் சத்தமாகக் கதைக்கமாட்டோம். ஒருநாள் இரவு, இரண்டு கதவு வைத்த ஓக் மர அலுமாரி ஒன்றைக் கண்டோம். நானும் என் மைத்துனரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு இருபது முப்பது அடி வந்திருப்போம். பின்னால் ஒரு கிழவி கத்திக்கொண்டு ஓடிவருகிறாள். காலில் வீட்டுச் செருப்பு, கையை ஆட்டுகிறாள். பொலிசைக் கூப்பிடப் போகிறாள் என்று அலுமாரியை ரோட்டில் வைத்துவிட்டு ஓடுவதா, நிற்பதா என்று தெரியாமல் நின்றோம். கிட்ட வந்து மூச்சு வாங்க, என் உள்ளங்கையில் எதையோ வைத்து அழுத்தினாள். அலுமாரியின் சாவி. ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது.

அந்த அலுமாரி ஐந்து வீடு மாறி இன்றும் என்னோடு இருக்கிறது. சாமிப் படங்கள் அதற்குள்தான். நூல் மட்டும் மாற்றியிருக்கிறோம்.

இப்போது பல நகரங்களில் நாள் குறித்துச் சொன்னால்தான் கழிவு வண்டி வருகிறது. வெளியே வைத்த பொருளில் கைவைப்பதற்கும் சில இடங்களில் தடை உண்டு. ஆகவே வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள். இங்கே ஹாமில் காமாட்சி அம்பாள் தேர்த் திருவிழாவுக்கு வருகிற இளம் பிள்ளைகள் புதுச் சோஃபாவைக் கடனுக்கு வாங்கியதாகச் சொல்லும்போது எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. ஆனால் வாய் திறப்பதில்லை. என் மகனே அப்படித்தான் வாங்கினான்.

ஆகன் மாணவன்:

ஐயா, அந்தச் சாவியைப் படித்த பிறகு எனக்கு எழுத ஒன்றும் இல்லை என்றே தோன்றுகிறது. சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

எங்களுக்குக் கடை என்பது படிப்பு முடித்துக் கிளம்பும் சீனியர்கள்தான். அவர்கள் கிளம்பும் கடைசி வாரத்தில் மெத்தை, மேசை, சைக்கிள், தோசைக்கல் எல்லாம் சேர்த்து ஒரே விலையில் கைமாறும். விமானத்துக்கு முந்தைய நாள் இரவு போனால் விலையே கிடையாது. என்னிடம் இருக்கும் குக்கரின் அடியில் ஐந்து பேரின் இனிஷியல் வெட்டியிருக்கிறது, கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல. ஆறாவது என்னுடையது. கேஸ்கெட் மட்டும் வருடத்துக்கு ஒன்று ஊரிலிருந்து வரும்.

அது அலுமினியக் குக்கர். சூடேறிச் சிவக்கும் சாதாரணக் கண்ணாடி அடுப்பில் வேலை செய்யும், இண்டக்‌ஷனில் செய்யாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி கருப்புக் கண்ணாடிதான். வீடு பார்க்கப் போகும்போதே எது என்று கேட்டுவிடுங்கள். ஊர் மிக்ஸி இங்கே ஓடும், மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அதன் மூன்று முனைப் பிளக் இங்குள்ள சாக்கெட்டில் நுழையாது. அடாப்டரை மறந்துவிட்டு, மூன்று வாரம் சட்னி இல்லாமல் தோசை சாப்பிட்டவன் சொல்கிறேன்.

மியூனிக் அம்மா:

தம்பி, பொடி வைத்துச் சாப்பிட்டிருக்கலாமே!

பெர்லின் நான்காம் மாடி:

ஐயா, அந்தக் கிழவி ஓடிவரும் இடத்தை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் எங்கள் அலமாரிக்குச் சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. வாங்கியது முதலே இல்லை.

நான் எழுத மறந்தது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை துளை போடாதீர்கள். திரைச்சீலைக் கம்பி மாட்ட, வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு நாளில் டிரில்லை எடுத்தேன். இரண்டாவது துளை முடிவதற்குள் எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, மிக மரியாதையாக, இன்று ஞாயிறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நாள் மறந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு பக்கம் மட்டும் மாட்டிய கம்பியில் திரை சரிந்து தொங்க அன்றைய பொழுது கழிந்தது.

டிவி வாங்காமல் மிச்சம் பிடித்தேன் என்று பெருமைப்படுகிறவர்களுக்கும் ஒரு சேதி: ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ வீட்டுக்கு உண்டு, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அடுத்த மாதம் நாங்கள் லைப்சிக்குக்கு மாறுகிறோம். பெர்லினுக்குப் புதிதாக வருகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சாம்பல் நிறச் சோஃபா ஒன்று, மடிப்புகளை விரித்துப் பார்த்துவிட்டேன், புள்ளி இல்லை. இரண்டு நாற்காலி, கூரை விளக்கு மூன்று, ஓட்டை வலது பக்கம் வெட்டிய மேடைப் பலகை ஒன்று. எல்லாம் இலவசம். நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது, நீங்களேதான் தூக்கிச் செல்ல வேண்டும். ஞாயிறு வேண்டாம்.