911 மையத்தில் 18 விநாடி குழப்பம்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் ஒரு கவுன்ட்டியின் 911 அவசர அழைப்பு மையத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுடையது இன்டர்நெட் தொழில்நுட்பத்தில் ஓடும் அழைப்பு முறை.

போன வாரம் இரவு மின்சாரம் போய் வந்தது. மூச்சுத் திணறுகிற அப்பாவுக்காக ஒரு பெண் அழைத்தார். அழைப்புகளை இணைக்கிற சிப் (SIP) சர்வரின் லாகில் அழைப்பு வந்த நேரம் 2:14:31. குரல் பதிவில் 2:14:13. ஊழியர் முகவரியைத் தட்டியது 2:14:22. அதாவது அழைப்பு வருவதற்கு 9 விநாடி முன்பே முகவரி! நாளைக்கு விசாரணை என்று வந்தால் அந்த ஊழியர்தான் பதில் சொல்ல வேண்டும். அதுதான் என்னை உறுத்துகிறது.

18 விநாடி என்றதும் பொறி தட்டியது. ஜிபிஎஸ் நேரம் 2017 முதல் யுடிசியைவிட (உலகப் பொது நேரம்) 18 விநாடி முன்னால் ஓடுகிறது. அதைச் சரிசெய்யும் தகவல் செயற்கைக்கோளிலிருந்து 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். கூரை ஆன்டெனாவோடு இணைந்த எங்கள் பழைய கடிகாரம் அதுவரை காத்திருக்காமல் நேரத்தைக் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். அதே சமயம் பூட் ஆன சர்வரில் குரோனி (சர்வரின் நேரத்தைச் சரிசெய்யும் chrony மென்பொருள்) அதை நம்பி ஒரே தாவாகத் தாவியிருக்கிறது. பதிவுக் கருவிக்கு வேறு கடிகாரம், அதனால் தப்பித்தது.

இரண்டே கடிகாரம் இருந்தால் எது தப்பு என்று குரோனிக்குத் தெரியாது, சரி. நான்கு வைத்து மின்சோர்ஸஸை (minsources: நேரத்தை மாற்றக் குறைந்தது எத்தனை கடிகாரம் ஒத்துப்போக வேண்டும் என்ற அமைப்பு) 3 ஆக்கலாமா? பொது இன்டர்நெட்டோடு இணைப்பே இல்லாத நெட்வொர்க்கில் மற்ற இரண்டுக்கு என்ன செய்கிறீர்கள்? அப்புறம், கடிகாரம் நிலைப்படும்வரை பதில் தராமல் தடுக்க வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் கான்ஃபிக்கோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.