"நீங்க டியூக் இல்லீங்க" என்று பெரியவர்களிடம் சொன்னதுண்டா? கூ சீட்டாட்ட அனுபவங்கள்

கோபிக்காரன்:

கோயமுத்தூரில் அறை நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்த 'கூ' சீட்டுக்கட்டைப் போன பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துப் போனேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தத் திரி. உங்கள் வீட்டுக் கதைகளையும் எழுதுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ரிக்கி தாட்டா என்பவர் வடிவமைத்து 2012-ல் வந்த ஆட்டம் இது. கதை இத்தாலிய நகர அரசு ஒன்றில் நடக்கிறது. அரசவை வலுவிழந்து, லஞ்சத்தில் ஊறிக் கிடக்கிறது. ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் தலைவர். மற்றக் குடும்பங்களின் செல்வாக்கை ஒழித்து ஊரை விட்டே துரத்த வேண்டும், கடைசியில் மிஞ்சுவது ஒரே குடும்பம். மொத்தம் 15 சீட்டு. டியூக், அசாசின், கேப்டன், அம்பாசிடர், கன்டெஸ்ஸா என்று ஐந்து பேர், ஆளுக்கு மூன்று சீட்டு. ஆடுபவர்களுக்குக் கவிழ்த்தபடி 2 சீட்டும், 2 காசும் கிடைக்கும்.

டியூக் கருவூலத்திலிருந்து 3 காசு வரி எடுப்பார். கேப்டன் அடுத்தவரிடம் 2 காசு பறிப்பார். அசாசினுக்கு 3 காசு கட்டினால் எதிராளியின் ஒரு சீட்டு காலி, கன்டெஸ்ஸா இருந்தால் தடுக்கலாம். அம்பாசிடர் சீட்டை மாற்றிக்கொள்வார், கேப்டனின் பறிப்பையும் தடுப்பார். 7 காசு சேர்ந்துவிட்டால் அதைக் கட்டிக் கூ (ஆட்சிக் கவிழ்ப்பு) அடிக்கலாம், எதிராளியின் ஒரு சீட்டு காலி, அதை யாராலும் தடுக்க முடியாது. 10 காசு சேர்ந்தால் அடித்தே ஆக வேண்டும். இதில் விஷயம் என்னவென்றால், கையில் இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்லி எதையும் செய்யலாம். யாராவது "பொய்" என்று கேட்டால்தான் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் சொன்னவருக்கு ஒரு சீட்டு போச்சு. காட்டிவிட்டால் கேட்டவருக்குப் போச்சு. இரண்டும் போனவர் வெளியே.

சரி, வீட்டுக்கு வருவோம். ஆசாரத்தில் பாய் விரித்து ஆறு பேர் உட்கார்ந்தோம். பெரியப்பா முதல் சுற்றிலேயே "நான் டியூக்கு" என்று 3 காசு எடுத்தார். அடுத்த சுற்றிலும் எடுத்தார். 8 காசு ஆனதும் 7-ஐக் கட்டிக் கூ அடித்து என் அண்ணனுடைய ஒரு சீட்டைக் காலி செய்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அறையில் "டேய் பொய்டா" என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிற நானும் சேர்ந்துதான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரைப் பார்த்து "பொய் சொல்றீங்க" என்று எப்படிச் சொல்வது? கடைசியில் அவர் மறுபடி டியூக் என்றபோது, ஆறாம் வகுப்புப் படிக்கிற அவருடைய மகள் வயிற்றுப் பேத்திதான் கேட்டாள்: "அப்புச்சி, பொய்யி. காட்டுங்க." அவர் சிரித்துக்கொண்டே இரண்டு சீட்டையும் திருப்பிப் போட்டார். இரண்டும் கன்டெஸ்ஸா. ஒன்றைக் காட்டினாலே போதும், ஆனால் அவருக்கு அவ்வளவு பெருமை.

பொய் சொல்வது இந்த ஆட்டத்தில் பெரிய வித்தை இல்லை என்பது என் கட்சி. அதை எல்லோரும் நன்றாகவே செய்கிறார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. உங்கள் பக்கம் எப்படி?

திருப்பூர் மருமகள்:

எங்கள் வீட்டில் சீட்டு என்ற பேச்சே ஆகாது. என் மாமியாரின் அப்பா சீட்டாடித் தோட்டத்தைத் தொலைத்தவர். "எங்க அய்யன் கெணத்தோட வித்தாரு" என்று அத்தை இன்னமும் சொல்வார்கள். அதனால் நானும் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் மாடியில்தான் ஆடுவோம். ஒரு நாள் வடகம் எடுக்க மேலே வந்த அத்தை, காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து ஆடுவதைப் பார்த்தார்கள். "பணம் இல்லாத சீட்டா?" என்று உட்கார்ந்தவர்கள், மறு வாரம் அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர்கள் ஆடும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் பொய்யே சொல்ல மாட்டார்கள். கேப்டன் இருந்தால்தான் கேப்டன் என்பார்கள். ஒருமுறை கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் அப்புறம் அவர்களைக் கேட்பதே இல்லை. இங்கேதான் விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காட்டிய சீட்டு கையில் தங்காது. அதைக் கட்டில் சேர்த்துக் கலைத்துவிட்டுப் புதுச் சீட்டு எடுக்க வேண்டும். நம் மனதில் மட்டும் அந்தக் கேப்டன் அப்படியே இருக்கும். அத்தை நிதானமாக, "கேப்டனு. ரெண்டு கொட்டை எடு கண்ணு" என்று மறுபடி கை நீட்டுவார்கள். நாங்களும் எண்ணிக் கொடுப்போம். ஆட்டம் முடிந்து பார்த்தால் கையில் இருந்தது அம்பாசிடர்.

வீட்டுக்காரர் இரண்டு முறை இப்படித் தோற்றுவிட்டு, "அம்மா ஏமாத்தறாங்க" என்று புலம்பினார். "கேக்கறதுக்கு வாயில்லையாக்கும் உனக்கு?" என்று பதில் வந்தது. கோபிக்காரர் சொல்வது சரிதான். ஆனால் மரியாதைக்குப் பயந்து மட்டும் கேட்காமல் இருப்பதில்லை. நல்ல பெயரைச் சேர்த்து வைத்தவரையும் யாரும் கேட்பதில்லை.

பீளமேடு ஹாஸ்டல்:

எனக்கு இந்த ஆட்டம் பிடிக்காது. ஆறு பேர் ஆடினோம். முதல் சுற்றிலேயே கேப்டனைப் பொய் என்று கேட்டு ஒரு சீட்டு போனது, அடுத்ததை அசாசின் எடுத்துக்கொண்டான். எதிரே பேக்கரிக்குப் போய் ஒரு டீயும் பன்னும் முடித்துவிட்டு வந்தால், அடுத்த ஆட்டத்தை நான் இல்லாமலே தொடங்கியிருந்தார்கள். கால் மணி நேர ஆட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். வெளியே போனவனுக்கு அந்தக் கால் மணி நேரம் ரொம்ப நீளம். அதோடு யார் யாரைக் கூட்டுச் சேர்ந்து அடித்தார்கள் என்று மெஸ்ஸில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

ஒரு சந்தேகம்: அசாசினைப் பொய் என்று கேட்டுத் தோற்றால், அப்புறம் கன்டெஸ்ஸா என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? அதற்குத்தான் எங்களுக்குள் சண்டையே வந்தது.

வெள்ளக்கோவில் தரகர் மகன்:

எங்க அய்யன் மாட்டுத் தரகர். கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டிக் கூடும் சந்தைக்கும், வியாழனன்று ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கும் பல வருஷம் போனவர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள். சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இருப்பது அவருக்குத் தொழில்.

அவரை உட்கார வைத்தால் எல்லோரையும் விழுங்கிவிடுவார் என்று நினைத்தோம். அவர் ஆடியது வேறு. எந்த ஆளின் பெயரையும் சொல்லவில்லை. சுற்றுக்கு 1 காசு வருமானம் மட்டும் எடுத்தார். அதை யாரும் தடுக்கவும் முடியாது, பொய் என்று கேட்கவும் முடியாது. நாங்கள் ஒருவரையொருவர் பறித்துக்கொண்டும் குத்திக்கொண்டும் இருந்தோம். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. மெதுவாக 7 சேர்ந்தது, என் மச்சானின் கடைசிச் சீட்டு போனது. மறுபடி 1, 1 என்று ஆரம்பித்தார். கடைசியில் நானும் அவரும்தான் மிஞ்சினோம். அங்கே அவருடைய பொறுமை செல்லவில்லை. என்னிடம் நிஜமாகவே டியூக் இருந்தது. நான் 3 எடுக்க அவர் 1 எடுக்க, எத்தனை நேரம் தாங்கும்?

ஆட்டம் முடிந்தபின் வெற்றிலை போட்டுக்கொண்டே அவர் சொன்னதுதான் இங்கே எழுதத் தூண்டியது. "உங்க மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. பொய் சொல்றப்ப எல்லாரும் ஒரு 'ங்க' சேத்திச் சொல்றீங்க." அப்புறம் கவனித்துப் பார்த்தேன். உண்மையாக இருந்தால் என் தங்கை "கேப்டன்" என்கிறாள். இல்லாதபோது "நான் கேப்டனுங்க மாமா" என்கிறாள். மச்சானும் அப்படியே. நம் ஊர்ப் பேச்சில் மரியாதை தானாக வந்துவிடும், அதனால் வெளியூர்க்காரன் காதில் இது விழாது. இதைத் தெரிந்துகொண்டபின் எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'ங்க' போட ஆரம்பித்துவிட்டார்கள், அது வேறு கதை.

நாமக்கல் கணக்கு:

பள்ளியில் கணக்கு எடுக்கிறவன், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். 15 சீட்டிலிருந்து இரண்டை எடுக்க 105 வழி. அதில் டியூக் இல்லாத வழி 66. ஆக ஒருவர் கையில் ஒரு டியூக்காவது வர வாய்ப்பு 37 சதவீதம். உங்கள் கையிலேயே ஒரு டியூக் இருந்தால் அடுத்தவரிடம் இருக்க வாய்ப்பு 29 சதவீதத்துக்குச் சற்று மேல். உங்களிடம் இரண்டு இருந்தால் 15 சதவீதம்தான். முதல் சுற்றில் நான்கு பேர் வரிசையாக "டியூக்" என்றால், கட்டில் இருப்பதே 3 என்பதால், ஒருவராவது புளுகுகிறார் என்பதற்குக் கணக்கே வேண்டாம்.

இவ்வளவு தெரிந்தும் நான் முதல் சுற்றில் கேட்பதில்லை. மரியாதை காரணம் இல்லை. ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது நான் கேட்டு ஜெயித்தால், டியூக் சொன்னவர் இளைத்ததன் லாபம் மற்ற மூவருக்கும் சும்மா போகிறது. தோற்றாலோ பாதி உயிர் என்னுடையது மட்டும். அதனால் ஒவ்வொருவரும் "அவன் கேக்கட்டுமே" என்று அடுத்தவரைப் பார்க்கிறார்கள். பொதுக் கிணற்றைத் தூர் வார ஆள் கூடாத மாதிரிதான். கோபிக்காரரின் பெரியப்பா தப்பித்ததில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆள் குறையக் குறைய இந்தக் கணக்கு மாறும். இரண்டு பேர் மிஞ்சும்போது கேட்காமல் இருப்பவன்தான் தோற்பான்.

கேப்டன் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைத் தடுக்க அம்பாசிடர் மட்டும் அல்ல, இன்னொரு கேப்டனும் போதும். ஆக 15-ல் 6 சீட்டு தடுக்கும். அதனால் பறிப்பைத் தடுக்கும் சீட்டு ஒருவர் கையில் இருக்க வாய்ப்பு, டியூக் இருப்பதை விடப் பொதுவாக அதிகம்.

அந்தியூர் சின்னவன்:

கடையில் வாங்கிய கட்டெல்லாம் எங்களிடம் இல்லை. சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி மண்டபத்தில், மிஞ்சிய பத்திரிகைகளை வெட்டிப் பின்பக்கம் பேனாவில் எழுதி 15 சீட்டு தயார் செய்தோம். காசுக்கு, மூட்டையிலிருந்து அள்ளிய கொட்டைப்பாக்கு. விடிய விடிய ஆட்டம். அதில் மாமா ஒருவர் மட்டும் ஜெயித்துக்கொண்டே இருந்தார். யார் அசாசினை ஏவினாலும், யாரிடம் கன்டெஸ்ஸா இருக்கிறது, யாரிடம் இல்லை என்று கண்ணில் கண்டதுபோல் கேட்டார்.

நிஜமாகவே கண்ணில் கண்டிருக்கிறார். பத்திரிகை மூலைகளில் மஞ்சள் தடவியிருப்போம் அல்லவா, அது சீட்டின் முதுகில் வந்திருக்கிறது. மூன்று கன்டெஸ்ஸாவும் ஒரே பத்திரிகையின் மூலைத் துண்டுகள். கண்டுபிடித்ததும் பெரிய ரகளை. "மங்களகரமா இருக்குதுன்னு பாத்தேனுங்க மாப்ள" என்கிறார் மனுஷன். அடுத்த கட்டை நடுப்பகுதியில் மட்டும் வெட்டினோம். மாமா அன்றைக்கு அப்புறம் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை.

கோபிக்காரன்:

பீளமேடு தம்பிக்கு முதலில் பதில். ஆம், சொல்லலாம். அசாசினைக் கேட்டுத் தோற்றால் உன் ஒரு சீட்டு போகும், ஆனால் குத்து இன்னும் பாக்கி இருக்கிறது. மிச்சச் சீட்டை வைத்து கன்டெஸ்ஸா என்று தடுக்கலாம். அதையும் அவன் கேட்டு, உன்னிடம் இல்லை என்றால் ஆட்டம் முடிந்தது. உன்னிடம் நிஜமாக இருந்தால் கேட்டவனுக்கு ஒரு சீட்டு போகும், அவன் கட்டிய 3 காசும் திரும்ப வராது. அசாசினே பொய் என்று பிடிபட்டால் மட்டும்தான் காசு திரும்பும். இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் ஆடினால் சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நாமக்கல் வாத்தியார் சொன்ன "அவன் கேக்கட்டுமே" கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பேத்தி கேட்டதற்கு அந்தக் கணக்கு காரணம் இல்லை. அவளுக்குப் பயம் இல்லை, அவ்வளவுதான். வெள்ளக்கோவில்காரர் சொன்ன 'ங்க' விஷயத்தை இன்று ராத்திரியே அறையில் சோதிக்கப் போகிறேன். ஒருவன் மதுரை, அவனுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 'ரிஃபர்மேஷன்' என்று இதற்குக் கூடுதல் சீட்டுகள் உண்டு. அதில் ஆடுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். எதிர்க்கட்சியில் ஆள் இருக்கும்வரை சொந்தக் கட்சிக்காரனைத் தாக்கக் கூடாது. காசு கொடுத்துக் கட்சி மாறலாம், அடுத்தவனையும் மாற்றிவிடலாம். 10 பேர் வரை ஆடலாம். ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் வீட்டில் பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம் என்று கூட்டம் சேரும், அதற்கு இது கச்சிதமாக இருக்கும். ஈரோடு, பவானி பக்கம் யாரிடமாவது இருந்தால் இரண்டு நாள் இரவல் கொடுங்கள். மஞ்சள் கறை படாமல் திருப்பித் தருகிறேனுங்க. (நிஜமாகத்தான்.)