மோடல் வெர்புக்குத் தமிழில் என்ன பெயர்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ஜார்ஜ் டவுன், ஆங்கில ஆசிரியை:

ஊர்ப்பெயரிலேயே எழுதும் நம் மலேசியக் குழுவினருக்கு வணக்கம்.

ஆறாம் படிவ மாணவர்கள் பதினான்கு பேருக்குச் சனிக்கிழமை காலையில் ஆங்கில இலக்கணம் எடுக்கிறேன். எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள். வெறும் வாக்கியங்களைக் கொடுத்தால் மனம் ஒட்டுவதில்லை என்று இந்தத் தவணை சட்ட வரலாற்றை வைத்தே பாடம் நடத்துகிறேன். ஏறக்குறைய கி.மு. 1750இல் பாபிலோன் அரசன் ஹமுராபி கல்லில் வெட்டவைத்த 282 விதிகளில் பெரும்பாலானவை ‘இஃப்’ என்றே தொடங்குகின்றன. கொத்தன் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கொத்தனுக்கு மரண தண்டனை. நிபந்தனை வாக்கியத்துக்கு இதைவிட மறக்க முடியாத எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. கடந்தகால நிகழ்ச்சி ஒன்றுக்கு முன்பே நடந்ததைச் சொல்லும் பாஸ்ட் பெர்பெக்டுக்கு நம் பினாங்கையே எடுத்தேன். இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ஃபிரான்சிஸ் லைட் வந்தது 1786. அரச சாசனத்தின்படி இங்கே நீதிமன்றம் அமைந்தது 1807. அது வருவதற்குள் ஊர் 21 ஆண்டு வாழ்ந்துவிட்டிருந்தது. அந்த ‘விட்டிருந்தது’தான் ‘ஹேட்’ என்றதும் வகுப்பே பிடித்துக்கொண்டது.

ஐந்தாம் பயிற்சித்தாளில்தான் சிக்கல். கட்டாயம், அனுமதி, இயலுமை காட்டும் மோடல் வெர்புகளான ஷல், மே, மஸ்ட், கேன் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். ‘துணைவினை’ என்று விட்டால் பீ, ஹேவ், டூ மூன்றும் உள்ளே வந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போட்டோகாப்பிக் கடையில் தாளைக் கொடுக்க வேண்டும். உதவுங்கள்.

கிள்ளான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, வணக்கம். சட்டத்தில் வரும் ஷல்லுக்குப் புதுப்பெயர் தேட வேண்டியதே இல்லை. அது வியங்கோள், ‘வாழ்க’, ‘கற்க’ போன்ற வினைமுற்று. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று வியங்கோளுக்கு நம் இலக்கணத்தில் சொல்லும் பொருள்களில் கடைசியைப் பாருங்கள். ‘கற்க கசடற’ என்பதும் விதிதானே?

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நினைத்து எத்தனையோ முறை மகிழ்ந்திருக்கிறேன். தொல்காப்பியர் ‘முன்னிலை தன்மை ஆயீர் இடத்தொடும் மன்னாது ஆகும் வியங்கோள் கிளவி’ என்கிறார். நான், நீ என்னும் இரண்டோடும் வியங்கோள் பொருந்தாது, படர்க்கைக்கே உரியது. இனி ஆங்கிலத்துக்கு வாருங்கள். ஜான் வாலிஸ் 1653இல் எழுதிய இலக்கணத்தில், தன்மையில் வரும் ஷல் வெறும் எதிர்காலம், மற்ற இடங்களில் வந்தால் பேசுபவரின் வாக்குறுதி அல்லது அச்சுறுத்தல் என்று பிரித்தார். சட்டமோ பெரும்பாலும் படர்க்கையில்தான் பேசும். ‘எவரும்’, ‘நீதிமன்றம்’, ‘அமைச்சர்’. ஆகவே சட்ட ஷல்லும் தொல்காப்பியர் வியங்கோளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ‘வியங்கோள் துணைவினை’ என்று தயங்காமல் அச்சிடுங்கள்.

பட்டர்வொர்த்:

ஐயாவை மறுக்க அச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்னூலார் ‘இயலும் இடம்பால் எங்கும்’ என்று வியங்கோளை மூவிடத்துக்கும் திறந்துவிட்டாரே? பள்ளியில் பிள்ளைகள் படிப்பது அதைத்தான்.

நான் சொல்ல வருவது வேறு. கல்வெட்டுகளில் ஷல்லுக்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: ‘கடவர்’, ‘கடவோம்’, ‘கடவதாக’. ‘இறுக்கக் கடவோம்’ என்றால் வரி கட்டியே தீர வேண்டும் என்பது. பழைய விவிலியத்தில் ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’. இதே ‘கட’ தான் கடன், கடமை. குறள் 211இல் ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’. கடந்தே ஆகவேண்டியது கடன், கடந்து நிற்பவன் கடவுள், கடக்க விடும் வழி கடவு. ஆற்றைக் கடப்பதிலிருந்து அறத்தைக் கடைப்பிடிப்பது வரை ஒரே வேர் என்றே எனக்குப் படுகிறது. ‘கடவினை’ என்று வைத்தால் சொல்லும் சிறியது, பொருளும் ஆழம்.

செந்தூல்:

அண்ணே, கடைப்பிடித்தலில் இருப்பது ‘கடை’. அதை இங்கே இழுக்க முடியாது. அப்புறம், நம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் என்றால் ‘கடப்பிதழ்’. இணையத்தில் ‘கடவுச்சொல்’. ‘கடவினை’ என்று பார்த்தவுடன் குடிநுழைவு இலாகாதான் நினைவுக்கு வரும். மோடல் என்றே எழுதினால் என்ன? தேர்வில் ஆசிரியர் கேட்கப்போவது அந்தச் சொல்லைத்தானே?

பட்டர்வொர்த்:

தம்பி, அப்படியென்றால் பெயர்ச்சொல்லையும் ‘நௌன்’ என்றே சொல்லிவிடலாமே. இன்று ஒரு சொல் போகும், நாளை ஒரு வகுப்பு போகும். நம் பள்ளிகள் எப்படிச் சுருங்கின என்று உங்களுக்குத் தெரியாதா?

பிரிக்பீல்ட்ஸ், வழக்கறிஞர்:

கோபம் வேண்டாம். சட்டப் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகள் சொல்கிறேன், பெயர் வைக்கும்போது இவை உதவும்.

முதலாவது. 1215ஆம் ஆண்டின் ஆங்கிலேய உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டாவில் ‘சுதந்திரமான எவனும் பிடிக்கப்படலாகாது’ என்ற பகுதியை ஆசிரியை கட்டாயம் எடுப்பார். ஆங்கிலத்தில் அது ‘நோ ஃப்ரீ மேன் ஷல் பி’ என்று வரும். ஆனால் மூலம் லத்தீன். அங்கே ஷல் போல ஒரு தனித் துணைவினையே இல்லை. ‘கபியாதுர்’ என்ற ஒரே வினைமுற்று, விருப்பமும் விதியும் கலந்த வடிவம். இந்த இடத்தில் கிள்ளான் ஐயா சொன்ன வியங்கோள் மிகச் சரி. ஷல் என்பது பின்னால் மொழிபெயர்த்தவர்கள் வைத்த சொல்.

இரண்டாவது. நம் மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 5(1)ஆம் விதி: சட்டப்படி அன்றி எவருடைய உயிரும் பறிக்கப்படலாகாது. ஆங்கிலத்தில் ஷல். சாதாரணமாக மலாய்ச் சட்டத்தில் ஷல்லுக்கு ‘ஹெண்டாக்லா’ வரும், மே என்பதற்கு ‘போலே’. இந்த விதியிலோ ‘தியாடா செஒராங் புன் போலே’ என்றிருக்கிறது. எதிர்மறை வந்ததும் கடமைச்சொல் போய் அனுமதிச்சொல் வந்துவிட்டது. தமிழிலும் ‘வேண்டும்’ என்பதன் எதிர்மறையாக ‘வேண்டாம்’ என்று சட்டம் எழுத முடியாது, ‘கூடாது’ என்போம். மஸ்ட் நாட் என்றால் கூடாது, டோன்ட் ஹேவ் டு என்றால் வேண்டியதில்லை. என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் வழக்கறிஞர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். ஒப்பந்தத்தில் தடுக்கினால் பணம் போகும். தாளில் இதற்கு அரைப் பக்கமாவது கொடுங்கள்.

அதனால் கடப்பாடு, விதி என்று கடமையை மட்டும் காட்டும் பெயர் போதாது. மே, கேன் இரண்டும் வெளியே நின்றுவிடும். இன்னொரு தகவல்: தென்னாப்பிரிக்கா 1996ஆம் ஆண்டு அரசமைப்பை எழுதும்போது ஷல்லை விட்டுவிட்டு மஸ்ட் என்று எழுதியது. ஷல்லை மட்டும் நம்பிப் பெயர் வைக்க வேண்டாம்.

ஜார்ஜ் டவுன், ஆங்கில ஆசிரியை:

மிக்க நன்றி. ‘விதிவினை’ என்று எழுதிப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்காவிடம் காட்டினேன், ‘ஏன் பிள்ளைகளுக்கு முன்வினைப் பயனைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய்?’ என்று கேட்டார். விதி, வினை இரண்டும் ஒன்றாக நின்றால் தமிழ்க் காது அப்படித்தான் கேட்கிறது. கைவிட்டேன்.

அடுத்து, மோடல் என்றால் பாங்கு என்ற பொருளில் ‘பாங்குத் துணைவினை’. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வகுப்பில் நான்கு பேர் தமிழ் முஸ்லிம் பிள்ளைகள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் தொழுகை அழைப்புதான். புனிதமான ஒரு சொல்லை இலக்கணப் பெட்டிக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

செந்தூல்:

‘நோக்குத் துணைவினை’? செயலைப் பற்றிப் பேசுபவர் எப்படி நோக்குகிறார் என்று காட்டுவது. கட்டாயமாக நோக்கினால் மஸ்ட், இசைவாக நோக்கினால் மே, இயலுமென்று நோக்கினால் கேன். மோடல் என்ற சொல்லை முதல் வரியில் ஒருமுறை தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் தேர்வுக்கும் ஆயிற்று.

பட்டர்வொர்த்:

உயிர் இல்லாத சொல். ஆனால் தமிழ்தான். எதிர்க்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ், வழக்கறிஞர்:

மூன்று வகையும் உள்ளே வருகிறது. எனக்குச் சம்மதம்.

ஜார்ஜ் டவுன், ஆங்கில ஆசிரியை:

மணி நாலரை. ‘நோக்குத் துணைவினை’ என்றே தட்டச்சு செய்துவிட்டேன். மேக்னா கார்ட்டா பகுதிக்குக் கீழே மட்டும் ‘லத்தீன் மூலத்தில் இது நம் வியங்கோள் போன்றது’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கூடாது, வேண்டியதில்லை பயிற்சி முழுப் பக்கம் வந்துவிட்டது. தாளைக் கொடுக்கக் கிளம்புகிறேன். எல்லாருக்கும் நன்றி.

கிள்ளான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, தாள் கடைக்குப் போயிருக்கும். பரவாயில்லை. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

கடமையை மட்டும் காட்டும் பெயருக்குள் மே வராது என்று வழக்கறிஞர் ஐயா சொன்னார். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மே யூ லிவ் லாங்’ என்று அச்சிட்டிருக்கிறது. அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நீடு வாழ்க.’ ஷல் விதித்தல், மே வாழ்த்தல். இரண்டு பொருளும் வியங்கோளுக்குள்ளேயே இருக்கின்றன. வாழ்த்து முன்னிலையில் வருகிறதே என்று பட்டர்வொர்த் தம்பி கேட்பார். தொல்காப்பியர் சொன்னது ‘மன்னாது’, நிலைத்து வராது என்றுதான், வரவே வராது என்று இல்லை.

கேன் ஒன்றுதான் இன்னும் வெளியே நிற்கிறது. அதற்கு இரவு நன்னூலை எடுத்துப் பார்த்துவிட்டு நாளை எழுதுகிறேன்.