புதுப்பிப்பு: அசல் அட்டைகளோடு வீட்டில் அச்சிட்டவற்றைக் கலப்பது
அட்டை விளையாட்டு ஒன்றில் தொலைந்த அட்டைகளுக்குப் பதிலாக வீட்டில் அச்சிட்டவற்றை அசலோடு கலந்தால் வேறுபாடு தெரியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தெரியாதபடி செய்யலாம் என்பதே இப்போதைய பதில். 63 × 88 மி.மீ. அளவில் அச்சிட்டு வெட்டிய சாதாரணத் தாளை, ஏறத்தாழ அதே அளவுள்ள பழைய சீட்டு ஒன்றின் முன்னால் வைத்து, பின்புறம் ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் அட்டை உறைக்குள் செருகினால், விறைப்பு அசலுக்கு இணையாகவே இருக்கிறது. ஆனால் தாள் சேர்ந்தவை மட்டும் சற்றே தடித்து, கலைக்கும்போது பழகிய விரல்களுக்குத் தட்டுப்படும் என்பதால், அசல் அட்டைகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வெற்றுத் தாளை வைத்து, அவற்றையும் அதே வகை உறைகளில் இட்டுவிட்டேன். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் அட்டைகளை மறைத்துப் பிடிக்கும் ஆட்டங்களில் வேறு வழியில்லை. அச்சிடும்போது அளவு 100 சதவீதமாக இருக்க வேண்டும். இங்க்ஜெட் மை நன்கு உலர்ந்த பிறகே உறையிலிட வேண்டும்.