பொருள்: ‘கிராஸ்-பார்டர் டிசீஸ் சர்வைலன்ஸ்’: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

பெருந்துறை மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். செவிலியர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பில் உள்ள சொல்லிடம் மாட்டிக்கொண்டேன். பக்கத்து நாடுகள் தொற்றுநோய்ச் சேதியை உடனுக்குடன் பகிர்ந்து, கூட்டாகக் கட்டுப்படுத்துவதுதான் பொருள். ‘எல்லை தாண்டிய நோய்க் கண்காணிப்பு’ என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்த அம்மா, “எல்லை தாண்டினான்னா ராமேசுவரம் மீனவர் கைதுதானுங்க ஞாபகம் வருது” என்கிறார்.

தாராபுரம் புலவர்:
எல்லை பாவம், அதை விடுங்கள். ‘எல்’ ஒளி, பகலுக்கும் ஞாயிற்றுக்கும் பழம்பாட்டில் எல்லை என்றே பெயர். வெளிச்சம் எட்டும் அளவே வரம்பு ஆயிற்று என்பது என் துணிபு. குற்றவாளி ‘தாண்டிய’தான். நான் முன்மொழிவது ‘அயல்நொச்சி’. மதில் காப்பது நொச்சித்திணை. காய்ச்சலுக்கு ஆவி பிடிப்பதும் நொச்சித் தழையில். பொருத்தம் பாருங்கள்!

பல்லடம் டாக்டர்:
கேட்க நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா. ஆனா நொச்சி, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருக்கறவன் திணை. இங்கே வேலையே கதவைத் திறந்து சொல்றதுதான். 2007-ல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு சுகாதார விதிகளின்படி, பிற நாட்டுக்கும் ஆபத்தாகக்கூடிய நிகழ்வு என்று மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கணும். சொல்லத்தான் பயம். 1994-ல் சூரத்தில் பிளேக் என்றதும் பல நாடுகள் இந்தியாவுக்கு விமானத்தை நிறுத்தின. சொன்னவனுக்குத் தண்டனை என்றால் அடுத்தவன் வாய் திறப்பானா?

எபோலாவைப் பாருங்க. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டில், லைபீரியாவும் சியரா லியோனும் ஒட்டுகிற காட்டுப்பக்கம் 2013 டிசம்பரில் ஆரம்பம். எபோலா என்று தெரிந்தது 2014 மார்ச்சில். எல்லைக்கு இருபுறமும் ஒரே சாதிசனம். எழவுக்கும் சந்தைக்கும் போக்குவரத்து. மூன்று நாட்டிலும் சேர்த்து 11,000 பேருக்கு மேல் செத்தார்கள்.

கோபி ஆசிரியை:
‘கண்காணிப்பு’ன்னு சொன்னா என் வகுப்புல “சிசிடிவியா மிஸ்?”னு கேக்கறாங்க. நம்ம சொல் ஒண்ணு இருக்குதுங்களே, பொழி. ரெண்டு காட்டுக்கும் நடுவுல இருக்கற வரப்புதானுங்க பொழி. அவங்க வெள்ளாமையில பூச்சி விழுந்தா பொழியில நின்னே நமக்குச் சொல்லிட்டுப் போவாங்க. ‘பொழிச்சேதி’ன்னு வைக்கலாமுங்களா?

திருச்செங்கோட்டுத் தோழர்:
அம்மா, கொங்கு தாண்டினால் பொழி என்பது மழைக்குத்தான். குமரிப் பக்கம் பொழிமுகம் என்றால் ஆறு கடலில் விழும் இடம். கையேடு தமிழ்நாடு முழுமைக்கும் அல்லவா? மேலும் ‘சேதி’ பேச்சுவழக்கு, ‘செய்தி’ என்க. டாக்டர் ‘சுகாதாரம்’ என்கிறார். ‘நலவாழ்வு’க்கு என்ன கேடு வந்தது?

கோவை வாசகர்:
தூய்மைக்காரர்கள் கோவைக்கு வாருங்கள். இங்கே பிளேக் மாரியம்மனுக்கே கோயில் இருக்கிறது. அம்மன் கலைச்சொல் கேட்கவில்லை. இன்னொன்று: இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலிகளை மண்டபம் முகாமில் அடைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்தது இலங்கை அரசு, நம் மண்ணிலேயே. அசல் ‘எல்லை தாண்டிய கண்காணிப்பு’ அதுதான்! கூட்டுறவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே சொல்லில் ‘கூட்டு’ இருந்தே ஆகவேண்டும்.

பல்லடம் டாக்டர்:
இதை வழிமொழிகிறேன். மேகாங் ஆற்றுப் படுகையில் கம்போடியா, சீனா, லாவோஸ், மியான்மர், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஆறு நாடுகளும் 2001-ல் செய்துகொண்ட நோய்க் கண்காணிப்பு ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, எல்லையோர மாவட்டத்து ஆட்கள் அக்கரை ஆட்களோடு நேரடியாகப் பேசிக்கொள்வது. தலைநகரம் போய்ச் சுற்றி வரவேண்டியதில்லை. வாளையாற்றில் நெற்றிக்கு நேரே கருவி பிடித்துக் காய்ச்சல் பார்க்கிறோம். அதற்கு முன்னால் பாலக்காட்டுக்காரர் ஒரு போன் போட்டால் பாதி வேலை முடிந்தது. அது மாநில எல்லைதான், ஒத்துக்கொள்கிறேன்.

பெருந்துறை மொழிபெயர்ப்பாளர்:
அச்சகத்திலிருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ‘அண்டைநாட்டுக் கூட்டு நோயறிவிப்பு’ என்று போட்டு அனுப்புகிறேன். பெரும்பாலோர் சரி என்ற மாதிரிதான் தெரிகிறது, அல்லது அசந்துவிட்டார்கள்.

பல்லடம் டாக்டர்:
அவசரப்படாதீங்க. பார்த்தால்தானே அறிவிக்க முடியும்? எண்ணிக்கை எடுப்பது, ஆய்வகத்தில் உறுதிசெய்வது எதுவும் ‘அறிவிப்பில்’ வராது. ‘நோய்நோக்கல்’ என்று ஏதாவது சேருங்க.

தாராபுரம் புலவர்:
நோக்கலில் நொச்சியும் அடங்கும். அடிக்குறிப்பிலாவது போடலாமே?

கோபி ஆசிரியை:
நான் வகுப்புல பொழின்னேதானுங்க சொல்லப்போறேன்.