மறு: லூமன்/வாட் அளவுக்குத் தமிழ்ச்சொல் – ‘ஒளியீவு’ எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

டொரன்டோ நண்பர் கேட்ட கேள்வி கடந்த சில மடல்களில் பல கிளையாகப் பிரிந்துவிட்டது. அதை மறுபடி நடுவில் வைக்கிறேன். அவர் பக்கத்தில் சிம்கோ ஏரி உறைந்ததும் அதன்மேல் சிறு குடில்களை இழுத்துப்போய் நிறுத்தி, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். நம்மவர்களும் போகிறார்கள். அவர்களுக்காகப் பேட்டரியில் எரியும் விளக்கைப் பார்த்து வாங்குவது எப்படி என்று தமிழில் ஒரு கையேடு எழுதுகிறார். அதில் ‘லூமினஸ் எஃபிகசி’ என்பதற்கு என்ன எழுதுவது? ஒரு விளக்கு தான் எடுக்கும் ஒவ்வொரு வாட் மின்சாரத்துக்கும் எத்தனை லூமன் ஒளி தருகிறது என்ற அளவு அது (லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் ஒளியின் அலகு). கேள்வி இவ்வளவுதான்.

இந்தச் சொல் சிங்கப்பூரிலும் எங்களுக்கு வேண்டியிருக்கிறது. கட்டடங்களுக்கு விளக்கு அமைப்பது என் தொழில். வேலையிடத்தில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த தம்பிகளுக்கு விளக்குப் பெட்டியில் அச்சடித்திருப்பதை விளக்க வேண்டியிருக்கிறது. இரவில் பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுகிறவர்களும், பெருந்தீவின் மின்கம்பி எட்டாத புலாவ் உபினில் கூடாரம் போடுகிறவர்களும் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்ல இந்த அளவு இல்லாமல் முடியாது.

சொல் எதைச் சுமக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுவிடுகிறேன். சிறிய குடிலுக்கு 600 லூமன் போதும் என்று வைத்துக்கொள்வோம். 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 256 வாட்-மணி ஆற்றல் இருக்கும். வாட்டுக்கு 75 லூமன் தரும் எல்இடி விளக்கு 8 வாட் எடுக்கும். 32 மணி நேரம் எரியும். வாட்டுக்கு 150 லூமன் தருவது 4 வாட்தான் எடுக்கும். 64 மணி நேரம் எரியும். பழைய இழை பல்பு வாட்டுக்கு ஏறத்தாழ 13 லூமன் தரும். அதே வெளிச்சத்துக்கு அது 46 வாட் கேட்கும், ஆறு மணி நேரம்கூட ஓடாது. பேட்டரி ஒன்றே, வெளிச்சமும் ஒன்றே. மாறியது நாம் பெயர் தேடும் இந்த ஓர் எண் மட்டுமே.

குளிர் இந்த எண்ணின் மதிப்பை இன்னும் கூட்டுகிறது. ஈய-அமிலப் பேட்டரி சுழியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசில் தன் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அந்தக் குளிரில் ஓரளவு பயன்படுத்தலாம். ஆனால் சுழியம் பாகைக்குக் கீழே மின்னேற்றவே கூடாது. ஏற்றினால் லித்தியம் எதிர்முனையில் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும். வீட்டிலேயே ஏற்றி, கொண்டுபோய், இருப்பதை வைத்து இரவைக் கழிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு வாட்டும் விலை உயர்ந்தது. எல்இடிக்கோ குளிர் ஒத்துவரும்: அதற்குள் ஒளி உமிழும் சில்லு (சிப்) குளிர்ந்திருந்தால் அதே மின்சாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஒளி தரும். எங்கள் ஊரில் மூடிய கூண்டு விளக்குக்குள் வெப்பம் தேங்கி அதே சில்லு மங்குவதைப் பார்க்கிறோம். டியூப் லைட் குளிரில் மங்கும், பற்றிக்கொள்ளவும் திணறும். புரொப்பேன் விளக்கைப் பற்றி ஒரே வரி: அடைத்த குடிலுக்குள் சுடர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், கையேட்டில் அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இனி முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன்.

‘ஒளித்திறன்’ என்பதற்கு ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘திறன்’ என்பது ‘பவர்’, அதாவது வாட். அங்கே படித்தவர் ஒளித்திறன் 150 என்று பார்த்தால் 150 வாட் விளக்கு என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் ‘பவர்’ என்பது ‘வலு’, ‘வினைத்திறன்’தான் ‘எஃபிஷியன்சி’. யாழ்ப்பாணத்தில் படித்தவர் ஒளித்திறனை விழுக்காடாக வாசிப்பார். டொரன்டோவில் இந்தக் கையேட்டை வாசிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம். ஒரே சொல்லை இரு கரையினர் இரு விதமாக எடுத்துக்கொண்டு, இரண்டும் தவறாகப் போகும் நிலை இது.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. எங்கள் ஊரில் மின்பொருள் விற்கும் சிம் லிம் டவர் கடைகளில் இன்றும் “எத்தனை வாட் வேண்டும்?” என்றுதான் பேச்சுத் தொடங்குகிறது. வாட் கூடினால் வெளிச்சம் கூடும் என்ற பழைய பல்புக் காலத்து எண்ணம் அது. வாட்டைக் குறிக்கும் சொல்லையே லூமன்/வாட்டுக்கும் வைத்தால் அந்த எண்ணத்தை நாமே உறுதிப்படுத்தியவர்கள் ஆவோம். நல்ல விளக்கு குறைந்த வாட் எடுப்பது என்பதைச் சொல்வதற்காகவே இந்தக் கையேடு எழுதப்படுகிறது.

‘பயனுறுதிறன்’, ‘செயல்திறன்’ ஆகியவற்றை ‘எஃபிஷியன்சி’க்கே விட்டுவிட வேண்டும். அதற்கு அலகு கிடையாது. வாட்டை வாட்டால் வகுத்து விழுக்காட்டில் சொல்வது. ‘எஃபிகசி’க்கு அலகு உண்டு. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தே தீரும்: டிரைவரின் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் கருவியின்) பயனுறுதிறன் 90 விழுக்காடு, எல்இடி சில்லு தருவது வாட்டுக்கு 160 லூமன், ஆக விளக்கிலிருந்து கிடைப்பது வாட்டுக்கு 144 லூமன். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இந்தக் கணக்கை எழுதவே முடியாது. (டிரைவருக்கும் தமிழ் தேட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேலையிடத்தில் எல்லாரும் டிரைவர் என்றே சொல்கிறோம், எல்லாருக்கும் புரிகிறது. அது அப்படியே இருக்கட்டும்.) தடுப்பூசிக்கும் ‘எஃபிகசி’ என்றே சொல்கிறார்களே, ஒரே தமிழ்ச்சொல் வேண்டாமா என்று மருத்துவர் ஐயா கேட்டிருந்தார். ஊசியின் அளவு விழுக்காடு, விளக்கின் அளவு லூமன்/வாட். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரு பெயரில் வாழ்வதால் தமிழிலும் அப்படி வாழ வேண்டும் என்பதில்லை.

‘ஒளிப்பேறு’ அழகான சொல், முன்மொழிந்த அம்மையாருக்கு என் நன்றி. மகப்பேறு நினைவுக்கு வருகிறது என்ற மறுப்பை நான் பொருட்படுத்தவில்லை. என் தயக்கம் வேறு: பேறு என்பது பெற்றது முழுவதையும் குறிக்கும். ஒளிப்பேறு என்றால் மொத்தம் கிடைத்த ஒளி, அதாவது 600 லூமன், என்று பொருள்படும். ‘ஒரு வாட்டுக்கு’ என்ற பங்கீடு அதில் இல்லை.

அந்தப் பங்கீட்டைத் தேடியபோதுதான் ‘ஈவு’ கண்ணில் பட்டது. வகுபடும் எண், வகுத்தி, ஈவு, மீதி என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஈவு. லூமனை வாட்டால் வகுத்தால் கிடைக்கும் ஈவுதான் நம் அளவு. அதே சமயம் ஈதல் என்ற வினையிலிருந்து பிறந்ததால் விளக்கு ஈவது என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. ஒளி + ஈவு = ஒளியீவு. கணக்கும் பொருளும் ஒரு சொல்லுக்குள் இப்படி ஒன்றாக அமைவது அரிது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஈவு வகுத்தலின் விடைதான். திறனுக்கும் வலுவுக்கும் இருக்கிற சண்டை இங்கே இல்லை.

மக்கள் பேச்சும் இதற்குத் துணை நிற்கிறது. “இந்த வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும்” என்று சொல்கிறோம். ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றைத் தரும் பொருளின் தரத்தைச் சொல்ல, கொடுப்பதைக் குறிக்கும் வினையைத்தான் தமிழ் நாக்கு தேடிப்போகிறது. வேலையிடத்துத் தம்பிகளும் “கரண்ட் கம்மியா இழுக்குது, வெளிச்சம் நல்லா குடுக்குது” என்கிறார்கள். இழுப்பது வாட், கொடுப்பது லூமன். அவர்களுக்கு ஒளியீவு என்று எழுதிக் காட்டினால், வகுத்தல் கணக்கு நினைவிருப்பவர்கள் விளக்கம் கேட்காமலே பிடித்துக்கொள்கிறார்கள்.

வரக்கூடிய மறுப்புகளையும் பார்த்துவிடலாம். ஈ, தா, கொடு என்ற மூன்றில் ‘ஈ’ தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் இரக்கும் சொல் என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதைப் புலவர் ஐயா சுட்டிக்காட்டலாம். அந்த விதி கேட்பவனின் கூற்றுக்கு உரியது. ஈவு என்ற பெயர்ச்சொல் கணக்கிலும் ஈவுத்தொகையிலும் யார் தரத்தையும் தொடாமல் வழங்கிவருகிறது. ஒலியீவு என்று காதில் விழுமே என்பது அடுத்தது. அந்த இடர் ஒளி என்று தொடங்கும் எல்லாச் சொல்லுக்கும் உண்டு, ஒளிபரப்பு உட்பட. எங்கள் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கணிதத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், ஈவு அவர்களுக்குத் தெரியாது என்பது மூன்றாவது. இது உண்மையான குறை, எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஆத்திசூடியில் ‘ஈவது’ அவர்களுக்குச் சிறுவயதிலேயே அறிமுகமாகிவிடுகிறது. பொருளின் ஒரு பாதியாவது கையில் இருக்கும். வேற்றுமை ஏற்பதிலும் சிக்கல் இல்லை: அளவு, அளவை, அளவில் போல ஒளியீவு, ஒளியீவை, ஒளியீவில்.

புதுச்சொல் நிலைக்காது என்று சோர்ந்து எழுதியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இணையம் என்ற சொல்லை எங்கள் ஊர்த் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமியின் பெயரோடு சேர்த்தே இன்றும் நினைக்கிறோம். இன்று அது புதுச்சொல் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒளியீவுக்கு முன்னால் சேர்க்க வேண்டிய அடைமொழிகள் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏமாற்றம் அங்கேதான் நடக்கிறது. 12 வோல்ட் எல்இடி பட்டையில் பெரும்பாலும் மூன்று வெள்ளைச் சில்லுகளைத் தொடராக இணைத்து, மிச்ச வோல்ட்டை ஒரு மின்தடையில் எரித்துவிடுகிறார்கள். சில்லு ஒன்றுக்கு 3 முதல் 3.2 வோல்ட். மூன்றுக்கு 9 முதல் 9.6. ஆக மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை வெப்பமாகப் போகிறது. பட்டையின் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டால் இன்னும் கொஞ்சம் ஒளி உள்ளேயே நின்றுவிடும். விளம்பரத்தில் சில்லின் எண்ணைப் போட்டிருந்தால் குடிலில் அது கிடைக்காது. ஆகவே சில்லு ஒளியீவு, விளக்கமைப்பு ஒளியீவு என்று பிரித்தே எழுத வேண்டும். பேட்டரிக் கணக்குக்கு உதவுவது இரண்டாவது.

இயற்பியல் ஆசிரியர் கேட்ட 683-க்கும் இங்கேயே இடம் இருக்கிறது. 540 × 10¹² ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள பச்சைக் கதிர்வீச்சின் ஒரு வாட்டுக்கு 683 லூமன் என்பது ஒளிச்செறிவின் அலகான கேண்டிலாவின் வரையறையிலேயே 1979 முதல் இருக்கும் எண். அங்கே வகுத்தி வெளிவரும் கதிர்வீச்சின் வாட், உள்ளே போகும் மின்சாரத்தின் வாட் அன்று. அதைக் கதிர்வீச்சு ஒளியீவு என்போம். எந்த விளக்கும் இந்த எண்ணைத் தாண்ட முடியாது. வெள்ளை ஒளியால் அதை நெருங்கவும் முடியாது, அதில் கண்ணுக்கு அவ்வளவு எடுப்பாகத் தெரியாத சிவப்பும் நீலமும் கலந்திருக்கின்றன.

‘எனர்ஜி எஃபிஷியன்ட்’ விளக்குக்கு மின்சிக்கன விளக்கு என்ற சொல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தொட வேண்டாம். குடிலுக்குப் பனிவீடு என்றால் பனிக்கட்டியால் கட்டிய வீடு என்று ஆகிவிடும். உறையேரிக் குடில் என்பது என் விருப்பம்.

கையேட்டின் விளக்குப் பகுதிக்கு இந்த வரிகளை எழுதிப் பார்த்தேன்:

“வாங்குமுன் பெட்டியில் லூமனையும் வாட்டையும் பார்த்து, முன்னதைப் பின்னதால் வகுத்துக்கொள்ளுங்கள். கிடைப்பதே அந்த விளக்கின் ஒளியீவு. உறையேரிக் குடிலுக்கு 120-க்கு மேல் ஒளியீவு உள்ளதைத் தேடுங்கள். ஒரே வகைச் சில்லில், மஞ்சள் சாயலுள்ள விளக்கின் ஒளியீவு வெண்மை மிகுந்ததைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். கண்ணுக்கு இதமாக இருந்தால் அந்தக் குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம்.”

வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதை இந்த வரிகளுக்குள்ளும், மேலே உள்ள 90 விழுக்காட்டுக் கணக்குக்குள்ளும் இட்டு வாசித்துப் பார்த்து அனுப்புங்கள். ஏரி உறைவதற்குள் கையேட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார் நண்பர்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து ஒரு விளக்குத் தொழிலாளி